வீடு வாங்க "உதவி"ன்னு சொன்னா முதல்ல யாரு காசுன்னு கேளுங்க

மலேசியா, சிலாங்கூர் மாநிலத்து பெஸ்தாரி ஜெயாவுல, பழைய ஆளுங்க வாயில இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை தான், எனக்கு ஒரு சின்ன போட்டோஸ்டாட் கடை. ஐசி காப்பி எடுக்க வர்றவங்கள்ல பாதி பேரு கையில ஒரு கடுதாசியும் இருக்கும், "தங்கச்சி இத கொஞ்சம் படிச்சு சொல்லும்மா". கொஞ்ச நாள் முன்ன தென்னமரம் பக்கத்துலேர்ந்து ஒரு அக்கா வந்தாங்க. வீட்டுக்காரருக்கு தோட்டத்துல வேலை முடியற வயசு நெருங்கிடுச்சு, வேலை முடிஞ்சா தோட்டம் குடுத்த லயத்து வீட்டு சாவியையும் திருப்பி குடுக்கணும், அதனால ரெண்டு வருஷமா எங்கெங்கயோ எழுதி போட்டு கடைசியில ஒரு சுராட் தவாரான், அதான் ஆஃபர் லெட்டர், வந்திருக்கு. "வீடு கெடைச்சிருச்சு தங்கச்சி"ன்னு முகமெல்லாம் சிரிப்பு. படிச்சு பாத்தா வீடு கெடைக்கல. வீடு வாங்கிக்கலாம்னு ஒரு வாய்ப்பு குடுத்திருக்காங்க, குறிச்ச தேதிக்குள்ள பேங்க் லோன் அப்ரூவல் கொண்டாரலன்னா அடுத்த ஆளுக்கு போயிரும். அந்த சிரிப்ப பாத்துகிட்டே இத எப்படி சொல்றதுன்னு எனக்கு தெரியல.

அன்னைக்கு ராத்திரி உக்காந்து எழுத ஆரம்பிச்சதுதான் இது. நான் லோயரும் இல்ல பேங்க் ஆபீசரும் இல்ல, பதினஞ்சு வருஷமா மத்தவங்க பாரம் நெரப்பி நெரப்பி கத்துகிட்டது.

அந்த அக்காவுக்கு சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன். "பந்துவான்", "ஸ்கீம்", "உதவி"ன்னு எந்த வார்த்தைய பாத்தாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க, இது யாரு காசு? அரசாங்கம் தன் கையிலேர்ந்து போட்டு வீட்டு விலைய கொறைக்குதா, இல்ல வாங்க வேண்டிய வரிய விட்டு குடுக்குதா, இல்ல பேங்க் கிட்ட உங்களுக்காக ஜாமீன் மட்டும் நிக்குதா, இல்ல உங்க ஈபிஎஃப் காச உங்களுக்கே எடுத்து குடுக்குதா. நாலுக்கும் பேரு உதவி தான். ஆனா மூணாவதுல கடன் முழுக்க உங்க தலையில, நாலாவதுல வயசான காலத்துக்கு வச்ச காசு காலி. இத பிரிச்சு பாக்க தெரியாமத்தான் நம்ம ஆளுங்க நிறைய பேரு மாட்டிக்கிறாங்க.

முதல்ல மலிவு வீடு. பெரியவங்க "ரூமா முரா"ன்னு சொல்றது கோஸ் ரெண்டா வீடு, அதாவது கொறைஞ்ச செலவுல கட்டுன வீடு. 1980களோட ஆரம்பத்துலேர்ந்து அதுக்கு விலை 25,000 வெள்ளின்னு அரசாங்கம் கட்டி வச்சிருந்துச்சு, 1998க்கு அப்புறம் எடத்த பொறுத்து 42,000 வரைக்கும் போச்சு. அந்த விலையில இன்னைக்கு புது வீடு கெடைக்கிறது குதிரைக்கொம்பு, ஆனா அந்த நெனப்பு மட்டும் எல்லாருக்கும் இருக்கு, அதனாலத்தான் "மலிவு வீடு 250,000"ன்னு கேட்டா கோவம் வருது. ரூமா மம்பு மிலிக்னா "வாங்க முடிஞ்ச வீடு", மலிவான வீடுன்னு அர்த்தம் இல்ல. யாரால வாங்க முடியும்னு அவங்க கணக்கு போட்டிருக்காங்கங்கறதுதான் விஷயம்.

பிபிஆர்னா கேபிகேதி, அதாவது வீடமைப்பு அமைச்சு, கட்டுன அடுக்குமாடி. வாடகைக்கு குடுக்கிற பிபிஆர்ல மாசம் 124 வெள்ளிங்கறது பல வருஷமா இருந்த வாடகை. அது வாடகை தான், எத்தனை வருஷம் கட்டினாலும் உங்க பேருக்கு வராது, விக்கிறதுக்குன்னு கட்டுன பிபிஆர் வேற. இப்ப இதுக்கு பிஆர்ஆர்னு புது பேரு வச்சிருக்காங்க, ரெண்டும் வேறவேறன்னு நெனச்சு கொழம்பாதீங்க. பிரிமாங்கற வீட்டு திட்டம் 2012 சட்டத்துல வந்தது, விலை 100,000லேர்ந்து 400,000 வரைக்கும், கொஞ்சம் நல்ல சம்பளம் உள்ளவங்களுக்கு. நம்ம மாநிலத்துல ரூமா சிலாங்கூர்கூ, அதுல ரூமா இடாமான்னு ஒரு வகை, மூணு ரூம் ரெண்டு பாத்ரூம் 250,000 வெள்ளி. எல்லாம் எல்பிஎச்எஸ்னு மாநில வீடமைப்பு வாரியம் வழியா. ரூமா மெஸ்ரா ரக்யாட் மட்டும் வேற மாதிரி, உங்க சொந்த நிலத்துல எஸ்பிஎன்பிங்கற அரசாங்க கம்பெனி வீடு கட்டி தரும், விலையில ஒரு பங்கு அரசாங்க மானியம். அது நல்ல திட்டம் தான், ஆனா தோட்டத்துல மூணு தலைமுறையா உழைச்சவனுக்கு சொந்த நிலம் எங்கேர்ந்து வரும்? ஹூலு சிலாங்கூர் பக்கம் மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக்னு அஞ்சு தோட்டத்து ஆளுங்க ஒரு வீட்டுக்காக எத்தனை வருஷம் அலைஞ்சாங்கன்னு தமிழ் பேப்பர் படிக்கிறவங்களுக்கு தெரியும்.

இந்த மாதிரி விலை கொறைச்ச வீட்டுல எல்லாம் ஒரு வார்த்தை ஒளிஞ்சிருக்கும், மொராடோரியம். கொரோனா காலத்துல கேட்ட லோன் மொராடோரியம் இல்ல இது. இங்க அர்த்தம், வாங்கின வீட்ட இத்தனை வருஷத்துக்கு விக்க கூடாது. பிரிமாவுல முதல்ல 10 வருஷம் இருந்து அப்புறம் 5 ஆச்சு. வாடகைக்கு விடறதுக்கும் கட்டுப்பாடு இருக்கும். "வாங்கி போட்டு வெளிநாட்டு ஆளுங்களுக்கு வாடகைக்கு விடலாம்"னு யாராச்சும் ஐடியா குடுத்தா அந்த ஆள கொஞ்சம் தள்ளியே வைங்க.

அப்புறம் பெண்டாபாத்தான் இசி ரூமா, குடும்ப வருமானம். இதுல தான் நிறைய பாரம் திரும்பி வருது. உங்க சம்பளம் மட்டும் இல்லீங்க, விண்ணப்பிக்கிறவரோட கணவன் மனைவி சம்பளமும் சேத்து கேப்பாங்க, பி40 (வருமானத்துல கீழ உள்ள 40%), எம்40 (நடுவுல உள்ள 40%)ன்னு பிரிக்கிறதும் வீட்டு வருமானத்த வச்சுத்தான், 2022 கணக்கெடுப்புல 5,250 வெள்ளிக்கு கீழ உள்ள வீடு பி40. பேஸிக் சம்பளத்த மட்டும் எழுதிட்டு ஓவர்டைம், அலவன்ஸ் எல்லாம் விட்டுட்டு, அப்புறம் ஸ்லிப் காஜி குடுக்கும்போது நம்பர் ஒத்து வராம ரிஜெக்ட் ஆகி வந்தவங்க என் கடைக்கே எத்தனையோ பேரு வந்திருக்காங்க. ஸ்லிப்புல உள்ளத அப்படியே எழுதுங்க.

"ரூமா பெர்தாமா", முதல் வீடுங்கற வார்த்தைக்கு வருவோம், இத நான் கொஞ்சம் நின்னு சொல்லணும். முதல் வீடு வாங்கறவருக்கு 500,000 வெள்ளிக்குள்ள உள்ள வீட்டுக்கு ஸ்டாம்ப் டூட்டி முழு விலக்கு, 2021லேர்ந்து இருக்கு, 2026 பட்ஜெட்ல 2027 கடைசி வரைக்கும் நீட்டிச்சிருக்காங்க. 250,000 வெள்ளி வீட்டுக்கு கணக்கு போடுங்க. பேரு மாத்தற பத்திரத்துக்கு முதல் 100,000க்கு 1%, அதாவது 1,000, மிச்சம் 150,000க்கு 2%, அது 3,000, ஆக 4,000. 225,000 லோன் எடுத்தா லோன் பத்திரத்துக்கு 0.5%, 1,125. மொத்தம் 5,125 வெள்ளி கையில நிக்குது. இது ரெண்டாவது வகை உதவி, வரிய விட்டு குடுக்கறது, நல்ல உதவி.

ஆனா முதல் வீடுன்னா நீங்க காசு குடுத்து வாங்கற முதல் வீடுன்னு இல்ல. உங்க பேருல இதுவரைக்கும் எந்த குடியிருப்பு வீடும் இருந்திருக்க கூடாது, அப்பா செத்து சொத்தா வந்தது, யாரோ அன்பளிப்பா எழுதி குடுத்தது, அண்ணன் தம்பியோட சேந்து பங்குல இருந்தது, எல்லாமே கணக்குல வரும். எனக்கு தெரிஞ்ச ஒரு பையன், தாத்தாவோட ரூமா முராவுல நாலுல ஒரு பங்கு அவன் பேருல, அதுவும் அவன் ஸ்கூல் முடிச்ச புதுசுல சித்தப்பா மாருங்க "பேரு மட்டும் போட்டு வைப்போம்"னு போட்டது, அவன் அந்த வீட்டுல ஒரு நாள் கூட தூங்கினதில்ல. கல்யாணம் ஆகி வீடு வாங்க போனப்ப விலக்கு கெடையாதுன்னுட்டாங்க. அதனால கெழவன் கெழவி வீட்ட பேரு மாத்தும்போது யாரு பேருல போடறதுன்னு யோசிச்சு போடுங்க, ஏற்கனவே சொந்த வீடு உள்ளவன் பேருல போட்டா போச்சு. வீடே இல்லாத சின்ன பையன் தலையில கட்டாதீங்க.

இப்ப மூணாவது வகை, ஜாமீன். எஸ்ஜேகேபின்னு ஒண்ணு 2008லேர்ந்து இருக்கு. சம்பள ஸ்லிப் இல்லாதவங்களுக்கு, பசார் மாலாம்ல வடை போடறவங்க, லாரி ஓட்டறவங்க, கன்ட்ராக்ட்ல செம்பனை குலை வெட்டறவங்க, பேங்க் லோன் குடுக்க யோசிக்கும், அப்ப அரசாங்க கம்பெனி பேங்க் கிட்ட "இவரு கட்டலன்னா நான் பாத்துக்கறேன்"னு உத்தரவாதம் குடுக்கும். 500,000 வெள்ளி வரைக்கும் உண்டு, முன்பணம் இல்லாமலே முழு விலைக்கும் லோன் வாங்கலாம். ஸ்கிம் ரூமா பெர்தாமாகூ 2011ல வந்தது, அதுவும் இதே மாதிரி ஜாமீன் தான், அது முதல் வீடு வாங்கற சம்பளக்காரங்களுக்கு. இங்க நல்லா காது குடுத்து கேளுங்க, அரசாங்கம் ஒரு காசு உங்களுக்கு குடுக்கல. உத்தரவாதம் பேங்குக்கு, உங்களுக்கு இல்ல. நீங்க கட்டலன்னா பேங்க் வீட்ட லேலோங், அதாவது ஏலம், போடும், மிச்ச கடனுக்கு உங்கள தேடியும் வருவாங்க. முன்பணமே இல்லாம 100% லோன் எடுத்தா மாச தவணையும் அதுக்கேத்த மாதிரி ஏறும். நான் எஸ்ஜேகேபிய கொறை சொல்லல, ஸ்லிப் இல்லாத நம்ம ஆளுங்களுக்கு அது ஒண்ணுதான் கதவு. கதவு தொறந்திருக்குன்னு தெரிஞ்சா போதாது, உள்ள போனா எவ்வளவு கட்டணும்னும் தெரியணும்.

அந்த அக்காவுக்கு போட்ட கணக்க இங்க எழுதறேன். 250,000 வீடு, 90% லோன் 225,000, வட்டி 4%னு வச்சுக்குவோம், 35 வருஷம். மாசம் சுமார் 996 வெள்ளி. 35 வருஷமும் அப்படியே கட்டினா மொத்தம் 418,000 கிட்ட வருது, வட்டி மட்டும் 193,000. அக்கா பேனாவ கீழ வச்சிட்டாங்க. "அப்ப ரெண்டு வீட்டு காசுல்ல"ன்னாங்க. கிட்டத்தட்ட அப்படித்தான். இதுல வட்டி அப்படியே நிக்காது, எஸ்பிஆர்ங்கற அடிப்படை வட்டியோட கட்டி வச்சிருப்பாங்க, அது நாட்டு மத்திய வங்கி பேங்க் நெகாரா வைக்கிற ஓபிஆர் வட்டியோட சேந்து ஏறி எறங்கும். 2025 ஜூலையில ஓபிஆர் 3 சதவீதத்துலேர்ந்து 2.75க்கு எறங்குச்சு. எறங்கின மாதிரி ஏறவும் ஏறும், அதனால இன்னைக்கு கட்ட முடியற அளவுக்கு விளிம்புல நின்னு லோன் எடுக்காதீங்க.

35 வருஷம்னதும் வயசு வரும். லோன் அதிகபட்சம் 35 வருஷம், பொதுவா 70 வயசோட முடியற மாதிரி பாப்பாங்க, எது முன்ன வருதோ அது. 58 வயசு மனுஷனுக்கு 12 வருஷம் தான், தவணை எக்கச்சக்கமா ஏறிடும். அதான் பேரு பிள்ளைங்க மேல போகுது. ஜாயின் நேம், ஜாயின் லோன், பெஞ்சாமின், இந்த மூணும் ஒண்ணு இல்ல. ஜாயின் நேம்னா வீட்டுல பங்கு. ஜாயின் லோன்னா கடன்ல பங்கு. பெஞ்சாமின்னா வீட்டுல பங்கே இல்லாம கடனுக்கு மட்டும் பொறுப்பு. கையெழுத்து போடற எடத்துல எந்த வார்த்தை இருக்குன்னு பாத்துட்டு போடுங்க, மாமன் மச்சான் எல்லாம் அப்புறம்.

பேங்க்ல பாக்கறது ரெண்டே விஷயம், டிஎஸ்ஆர், சிசிரிஸ். டிஎஸ்ஆர்னா கையில வர்ற சம்பளத்துல எத்தனை சதவீதம் கடனுக்கு போவுது. அக்காவோட மகன் பேக்டரியில வேலை, கையில வர்றது 3,200. காடி 550, மோட்டார் 180, பிடிபிடிஎன் படிப்பு கடன் 150, வீடு வந்தா 996. கூட்டினா 1,876, அதாவது கிட்டத்தட்ட 59%. பேங்குக்கு பேங்க் வித்தியாசம் இருந்தாலும் 60, 70க்குள்ள இருந்தா பேசலாம். இதே பையன் போன வருஷம் கூடப்பொறந்தவ கல்யாணத்துக்குன்னு பர்சனல் லோன் ஒண்ணு போட்டு மாசம் 400 கட்டிட்டு இருந்தா? 2,276, 71%. அவ்ளோதான், கதவு சாத்தியாச்சு. வீடு வாங்கற எண்ணம் இருந்தா அதுக்கு ஒரு வருஷம் முன்னயே புது மோட்டார், தவணையில போன், இதெல்லாம் நிறுத்தி வைங்க.

சிசிரிஸ்ங்கறது பேங்க் நெகாரா வச்சிருக்கிற உங்க கடன் ஜாதகம். கடைசி 12 மாசம் எந்த மாசம் கட்டுனீங்க, எத்தனை மாசம் பாக்கின்னு கட்டம் கட்டமா இருக்கும், பிடிபிடிஎன்னும் அதுல வரும். ஆன்லைன்ல இலவசமா எடுக்கலாம். சிடிஓஎஸ் வேற, அது தனியார் கம்பெனி, கோர்ட்டு கேஸ் அது இதுன்னு சேத்து காட்டும். லோன் கேக்கறதுக்கு முன்ன நீங்களே ஒரு தடவ எடுத்து பாருங்க, பேங்க்காரன் வாயால தெரிஞ்சுக்கறத விட அது மேல். பாக்கி நிறைய இருந்தா ஏகேபிகேங்கற கடன் ஆலோசனை நிலையம் இருக்கு, அங்க கவுன்சலிங்குக்கு காசே வாங்க மாட்டாங்க. "சிசிரிஸ் கிளீன் பண்ணி தர்றேன் 800 வெள்ளி"ன்னு தூண்ல ஒட்டியிருக்கிற நம்பருக்கு போன் பண்ணிடாதீங்க, அத யாராலயும் அழிக்க முடியாது. நீங்க ஒழுங்கா கட்டினா மாசம் போக போக பழசு தானா வெளிய போகும்.

நாலாவது வகை, உங்க காசு. ஈபிஎஃப்ல முன்ன அக்கவுண்ட் 2ன்னு சொன்னது 2024 மே மாசத்துலேர்ந்து அக்காவுன் செஜாத்தரா. வீட்டுக்குன்னு எடுக்கறது அதுலேர்ந்துதான். எவ்வளவு எடுக்கலாம்னா, வீட்டு விலைக்கும் லோனுக்கும் உள்ள வித்தியாசம், அதோட வீட்டு விலையில 10%, இல்லன்னா அந்த அக்கவுண்ட்ல உள்ளது, எது கம்மியோ அது. நம்ம கணக்குல 25,000 கூட்டல் 25,000, ஆக 50,000 வரைக்கும். ஆனா தோட்டத்து சம்பளத்துல அந்த அக்கவுண்ட்ல 50,000 எங்க இருக்கு, சம்பளத்துலேர்ந்து புடிக்கிறதுல 15% தான் அதுக்கு போவுது. இன்னொரு சிக்கல், கையெழுத்து போட்ட எஸ்பிஏ, அதாவது வீடு வாங்கற ஒப்பந்தமும் பேங்க் லெட்டரும் காட்டினாத்தான் ஈபிஎஃப் காசு வரும், எஸ்பிஏ கையெழுத்துக்கோ முதல்லயே 10% கேப்பாங்க. அதனால நடுவுல கைமாத்து வேணும். ஈபிஎஃப் வரும்னு நம்பி கந்துவட்டி ஆலோங் கிட்ட போனவங்க கதை நம்ம ஊருல இருக்கு, அத விடுங்க.

எஸ்பிஏன்னா வாங்கற விக்கற ஒப்பந்தம். டெவலப்பர் கட்டற புது வீட்டுக்கு 1966ம் வருஷத்து வீடமைப்பு சட்டத்துல அச்சடிச்ச பாரமே இருக்கு, தரை வீட்டுக்கு ஜடுவால் ஜி, அடுக்குமாடிக்கு ஜடுவால் எச். டெவலப்பர் இஷ்டத்துக்கு அதுல வரி மாத்த முடியாது. எஸ்பிஏ கையெழுத்துக்கு முன்ன புக்கிங் பீஸ்னு காசு வாங்கறது சட்டப்படி தப்பு, ஆனா ஊரெல்லாம் வாங்கறாங்க. எங்க அண்ணனும் 1,000 வெள்ளி குடுத்தாரு, லோன் கெடைக்கல, திருப்பி கேட்டா "அட்மின் சார்ஜ்"னு பாதிய புடிச்சுகிட்டாங்க, ரசீதுல ரீபண்ட்னு ஒரு வார்த்தை எழுதி வாங்காதது எங்க தப்பு. குடுக்கத்தான் வேணும்னா ரசீது வாங்குங்க, தேதி தெளிவா இருக்கணும். ஏன்னா 2021ல பெடரல் கோர்ட்டு ஒரு தீர்ப்பு சொல்லிச்சு, வீடு லேட்டானா நஷ்டஈடு கணக்கு புக்கிங் பீஸ் குடுத்த தேதியிலேர்ந்து தான்னு. அந்த சின்ன ரசீது பின்னால காசாகும்.

அந்த நஷ்டஈடு தான் எல்ஏடி. தரை வீடுன்னா 24 மாசம், அடுக்குமாடின்னா 36 மாசத்துல சாவி குடுக்கணும், குடுக்கலன்னா வருஷத்துக்கு வீட்டு விலையில 10%, நாள் கணக்குல. 250,000 வீட்டுக்கு ஒரு நாளைக்கு 68 வெள்ளி சொச்சம். அதுவரைக்கும் நீங்க ப்ரொக்ரெசிவ் இன்ட்ரஸ்ட் கட்டிட்டு இருப்பீங்க, அதாவது வீடு எழும்ப எழும்ப பேங்க் டெவலப்பருக்கு விடற காசுக்கு மட்டும் வட்டி. குடியிருக்கிற எடத்துக்கு வாடகை ஒரு பக்கம், இன்னும் கூரை போடாத வீட்டுக்கு வட்டி ஒரு பக்கம். இத யாரும் முன்னாடி சொல்ல மாட்டாங்க, பட்ஜெட்ல சேத்துக்குங்க.

டெவலப்பருக்கு லைசன்ஸ் இருக்கா, விளம்பர பெர்மிட் இருக்கான்னு கேபிகேதி வெப்சைட்ல பாக்கலாம். அங்கயே ப்ரொஜெக் லெவாட், சாக்கிட், தெர்பெங்கலாய்னு மூணு வார்த்தை இருக்கும். லெவாட்னா தாமதம். சாக்கிட்னா 30 சதவீதத்துக்கு மேல பின்தங்கினது. தெர்பெங்கலாய்னா கைவிட்டது, அந்த எடத்துல லாலாங் புல்லு வளர ஆரம்பிச்சிருக்கும்.

நிலத்தோட வார்த்தைங்க. ப்ரீஹோல்ட்னா காலத்துக்கும் உங்களுது, லீஸ்ஹோல்ட்னா பெரும்பாலும் 99 வருஷம், விக்கும்போது மாநில அரசாங்க அனுமதி வேணும். பழைய லீஸ்ஹோல்ட் வீடு மலிவா வந்தா எத்தனை வருஷம் பாக்கின்னு பாருங்க, கம்மியா இருந்தா பேங்க் முகத்த திருப்பிக்கும். லோட் பூமியும் ரிசாப் மெலாயுவும் ஒண்ணு இல்ல. லோட் பூமின்னா பூமிபுத்ராவுக்குன்னு ஒதுக்கின யூனிட், அத விடுவிக்க மாநில அனுமதி கேக்கலாம், கெடைக்கலாம் கெடைக்காமலும் போகலாம். ரிசாப் மெலாயு, அதாவது மலாய்க்காரங்களுக்குன்னு ஒதுக்கின நிலம், நம்ம பேருக்கு மாறவே மாறாது, எவ்வளவு மலிவா இருந்தாலும், எந்த புரோக்கர் என்ன சொன்னாலும்.

அதுக்கும் மேல நம்ம பக்கத்துல ஒரு வியாபாரம் நடக்குது. பெர்தானியான் நிலம், அதாவது விவசாய நிலம், அத ஒருத்தர் சுண்ணாம்பு கோடு போட்டு பத்து துண்டா பிரிச்சு "டாப்பாக் ரூமா 35,000 வெள்ளி, கேஷ் மட்டும்"னு வீட்டு மனையா விப்பாரு. கிரான், அதாவது நில பட்டா, ஒண்ணுதான், அதுல உங்க பேரு பத்துல ஒரு பங்குன்னு ஏறும், சில எடத்துல அதுவும் ஏறாது, லோயர் ஆபீஸ்ல ஒரு சத்தியக்கடுதாசியோட முடிச்சிருவாங்க. எந்த மூலை உங்களுதுன்னு கிரான்ல இருக்காது. பேங்க் லோன் தராது, வீடு கட்ட மஜ்லிஸ் (நகராண்மை) பிளான் பாஸ் பண்ணாது, பங்காளி ஒருத்தர் செத்தா அவரு வாரிசு எல்லாரு கையெழுத்தும் வேணும். லயத்த விட்டு வெளிய வந்த ஈபிஎஃப் காசு மொத்தமா இதுல தான் போயி விழுது. குடுக்கறதுக்கு முன்ன பெஜாபாட் தானாவுல சாரியான், அதாவது நில பதிவு தேடல், ஒண்ணு எடுங்க. யாரு பேரு, என்ன வகை நிலம், காடாயான் இருக்கா அதாவது பேங்க்ல அடமானமா, கவேட் இருக்கா, எல்லாம் அந்த ஒரு தாள்ல வரும். கவேட்னா வேற யாரோ "எனக்கும் இதுல உரிமை இருக்கு"ன்னு போட்ட பூட்டு, அது இருக்கிற வரைக்கும் பேரு மாத்த முடியாது.

எம்ஓதி, அதான் மெமோராண்டம் ஆப் டிரான்ஸ்பர், பேரு மாத்தற பத்திரம். இது ஏறினாத்தான் கிரான்ல உங்க பேரு. அடுக்குமாடியில ஸ்ட்ராதா டைட்டில் தனித்தனியா வந்தப்புறம் தான் இது நடக்கும், அதுவரைக்கும் மொத்த நிலத்துக்கும் மாஸ்டர் டைட்டில் டெவலப்பர் பேருல. பத்து வருஷம் குடியிருந்துட்டு கிரான் எங்கன்னு கேக்கறவங்க நிறைய. லோயர் பீஸுக்கு 2023லேர்ந்து அளவு முதல் 500,000க்கு 1.25%, 250,000 வீட்டுக்கு எஸ்பிஏ மட்டும் 3,125 வரைக்கும் வரலாம், லோன் பத்திரத்துக்கு தனி. "ப்ரீ லீகல் பீஸ்"னு டெவலப்பர் விளம்பரம் பண்ணா எதுக்கு ப்ரீன்னு கேளுங்க, பெரும்பாலும் ரெண்டுல ஒண்ணுக்கு தான்.

எம்ஆர்டிஏ, இஸ்லாமிய லோன்ல எம்ஆர்டிடி, இது கடன கட்டறவரு செத்தா மிச்ச கடன அடைக்கிற இன்சூரன்ஸ். எடுக்கறது நல்லது. லோன்ல சேத்து போட்டா அதுக்கும் வட்டி ஓடும்ங்கறத மட்டும் தெரிஞ்சு எடுங்க. யாரு பேருல எடுக்கறோம்ங்கறதும் முக்கியம், சம்பாதிக்கறது மகன், இன்சூரன்ஸ் அப்பா பேருலன்னா மகனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒண்ணும் வராது.

சாவி வாங்கற நாள் விபி. சிசிசிங்கறது வீடு குடியிருக்க லாயக்குன்னு ஆர்கிடெக்டோ இன்ஜினியரோ குடுக்கிற சான்று, முன்ன சிஎஃப்னு மஜ்லிஸ் குடுத்தது, 2007லேர்ந்து இப்படி. சாவி கையில வந்த நாள்லேர்ந்து 24 மாசம் டிஎல்பி, அந்த காலத்துல செவுரு வெடிச்சா, கூரை ஒழுகினா, டைல்ஸ் பொங்கினா டெவலப்பர் சொந்த செலவுல சரி பண்ணணும், எழுத்துல குடுத்த 30 நாளுக்குள்ள. வாயால செக்யூரிட்டி கிட்ட சொல்லிட்டு வர்றது எழுத்து இல்ல. பாரம் நெரப்பி, போட்டோ ஒட்டி, ஒரு காப்பியில சாப் வாங்கி வைங்க. சரி பண்ணலன்னா வீடு வாங்கியோர் தீர்ப்பாயம் இருக்கு, டிடிபிஆர், 10 வெள்ளி பீஸ், 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், லோயர் வைக்க வேண்டாம், டிஎல்பி முடிஞ்சு 12 மாசத்துக்குள்ள போகணும். எங்க அண்ணனுக்கு இது தெரிஞ்சப்ப அந்த 12 மாசம் தாண்டியாச்சு. அவரு அப்புறம் வேற எடத்துல வாங்கின வீட்டு ரூம்ல மழ பேஞ்சா இன்னும் பேசின் வைக்கறாங்க.

வீடு வந்தப்புறமும் காசு நிக்காது. தரை வீடுன்னா நிலத்துக்கு சுக்காய் தானா, மஜ்லிஸுக்கு சுக்காய் பிந்து, இது வருஷத்துக்கு ரெண்டு தடவ. அடுக்குமாடின்னா நில வரிக்கு பதில் சுக்காய் பெத்தாக், அதோட மாசா மாசம் மெயின்டனன்ஸ், அதுல 10% சிங்கிங் பண்ட்னு தனியா, லிப்டு மாத்த, பெயின்ட் அடிக்க சேக்கறது. லயத்து வீட்டுல இதெல்லாம் நமக்கு பழக்கமே இல்ல, தண்ணி கரண்ட் கூட சில தோட்டத்துல சம்பளத்துல புடிச்சிருவாங்க. அதனால 996ன்னு சொன்னேனே தவணை, அதோட இன்னொரு 150, 200 மனசுல வைங்க.

கடைசியா புரோக்கர். "எல்பிஎச்எஸ்ல ஆள் இருக்கு, 2,000 குடுத்தா பேரு மேல வரும்"னு கோயில் திருவிழாவுல கூட பேசறாங்க. விண்ணப்பம் நேரா நீங்களே போடலாம், நடுவுல யாருக்கும் காசு தேவையே இல்ல. பாரம் நெரப்ப தெரியலன்னா ஐசி, மூணு மாச ஸ்லிப் காஜி, ஈபிஎஃப் ஸ்டேட்மென்ட், கல்யாண சர்டிபிகேட், பிள்ளைங்க பொறந்த சூரா, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் எடுத்துகிட்டு வாங்க, போட்டோஸ்டாட் ஒரு தாளுக்கு 20 காசு, நெரப்பி தர்றதுக்கு காசு வாங்க மாட்டேன்.

அந்த அக்கா போன வாரம் திரும்ப வந்தாங்க. மகன் சிசிரிஸ்ல மோட்டார் லோன் ரெண்டு மாசம் பாக்கி காட்டுது, கட்டி முடிச்சாச்சு, ஆனா சுராட் தவாரான் தேதிக்கு இன்னும் பதினொரு நாள் தான் இருக்கு. தேதி நீட்டிக்க சொல்லி ஒரு கடுதாசி டைப் பண்ணி குடுத்தேன், பேங்க் கேட்ட டாக்குமெண்டெல்லாம் பின்னால இணைச்சு. சாப் அடிச்ச காப்பிய மட்டும் பத்திரமா பிளாஸ்டிக் கவர்ல போட்டு எடுத்துகிட்டு போனாங்க.